தோல் வேலை: முதலில் கை, அப்புறம் மிஷின்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டத்தில் மூன்று குழுக்கள் ஒரே கோரிக்கையை வைத்தீர்கள். "மேடம், தோல்ல பர்ஸ், பெல்ட், சாவிக்கொத்து செய்யக் கத்துக்கணும். மிஷின் வாங்க லோன் வேணும்" என்று கேட்டீர்கள். நல்ல ஆசை. நம்ம பக்கத்துக்கு அது புதுசும் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை என்றாலே தோல்தானே? நம் பெண்கள் எத்தனை பேர் விடியற்காலையில் ஷூ கம்பெனி வண்டி ஏறுகிறார்கள்! ஆனால் கம்பெனியில் ஒருத்தி நாள் முழுக்கப் பசை தடவுவாள், இன்னொருத்தி ஓரம் மடிப்பாள், வேறொருத்தி தைப்பாள். ஒரு பொருளை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நம் கையாலேயே செய்து பார்க்கிற சந்தோஷம் அங்கே கிடைக்காது. அந்தச் சந்தோஷத்துக்காகக் கற்றுக்கொள்வோம் என்றால் நாங்களும் உங்களோடு உட்காருகிறோம்.

லோன் கோரிக்கையை மட்டும் மூன்று மாதம் தள்ளி வையுங்கள் என்று கேட்கிறோம். ஏன் என்று சொல்கிறோம்.

சாக்கு மூடிய மிஷின்

நாங்கள் வேலை பார்த்த ஒரு கிராமத்தில் ஒரு குழு இப்படித்தான் ஆசைப்பட்டது. முதலில் கடன், அடுத்து மிஷின், அப்புறம்தான் பயிற்சி. விற்றவர் "இது எதை வேணும்னாலும் தைக்கும்மா" என்றார். வந்ததோ துணி தைக்கும் பவர் மிஷின். மெல்லிய ரெக்சினைத் தைத்தது. எருமைத் தோலில் இரண்டு மடிப்பு வைத்ததும் ஊசி உடைந்து தெறித்தது. நல்லவேளை, கண்ணில் படவில்லை. ஓட்டுவதற்கும் பயம். மிதித்தால் குதிரை மாதிரி ஓடியது. ஆறாவது மாதம் மிஷின் மேல் சாக்கு ஏறியது. தவணை மட்டும் நிற்கவில்லை. பீடி சுற்றியும் களை எடுத்தும் கட்டி முடித்தார்கள்.

தப்பு அவர்கள் மேல் மட்டும் இல்லை. "பயிற்சி எங்கே?" என்று நாங்களும் அன்று கேட்கவில்லை. திட்டம் வந்ததே என்று கையெழுத்துப் போட்டோம். அதனால்தான் இன்று இவ்வளவு பேசுகிறோம்.

யார் வீட்டு வேலை?

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் பேசிவிடுவோம். ஒரு ஊரில் தோல் பயிற்சி என்றதும் ஒரு அக்கா, "தோல் வேலையா? எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க மேடம். அது அவங்க வேலையாச்சே" என்றார். சொல்லும்போது அவர் தோளில் தோல் கைப்பை தொங்கியது. காலில் போட, தோளில் மாட்டத் தோல் வேணும். அதைத் தைக்கிற கை மட்டும் கீழேயா?

அதே குழுவில் காலனியிலிருந்து வரும் ஒரு அக்கா பேசாமல் உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் மெதுவாக வந்து, "எங்க மாமனார் செருப்பு தைச்சவரு. எனக்கு ரெண்டு ஊசித் தையல் தெரியும். சொல்லித் தரட்டுமா?" என்று கேட்டார். எட்டு வருஷமாக ஒன்றாகச் சேமித்த குழு. அவருக்கு இது தெரியும் என்று யாரும் கேட்டதே இல்லை. அடுத்த வாரம் அவர்தான் டீச்சர். மறுத்த அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து நூலுக்கு மெழுகு தேய்த்தார். நாங்கள் பார்த்த பயிற்சிகளில் அதுதான் நல்ல பயிற்சி. உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். முதலில் அவரைத் தேடுங்கள். சும்மா கேட்காமல் மரியாதையாகச் சன்மானமும் கொடுங்கள்.

எந்தத் தோல்?

தோலைப் பதனிடுவது வீட்டில் செய்கிற வேலை இல்லை. கழிவுநீர் பாலாற்றை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. ஆகவே பதனிட்டு முடித்த தோலைத்தான் வாங்க வேண்டும்.

அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மரப்பட்டை, காய் ஆகியவற்றின் துவர்ப்பில் பதனிட்டது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட நம்ம ஊர்த் தோல், இ.ஐ. தோல் என்ற பெயரில் கப்பலேறிப் பல நாடுகளுக்குப் போனது. இப்போது அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. கொஞ்சம் விறைப்பாக இருக்கும். பெல்ட்டுக்கும் ஓரம் தேய்த்துப் பளபளப்பாக்கவும் ஏற்றது. இன்னொன்று குரோம் உப்பில் பதனிட்டது. மெத்தென்று இருக்கும், கை மிஷின் இரண்டுக்கும் வளையும். பர்ஸ், கைப்பைக்கு வசதி.

தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். கனத்தை மில்லிமீட்டரில் சொல்வார்கள். பர்ஸுக்கு 1 மில்லிமீட்டர் ஆட்டுத்தோல் போதும். பெல்ட்டுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் மாட்டுத்தோல் அல்லது எருமைத்தோல் வேண்டும். சென்னை பெரியமேட்டில் தோல், பக்கிள், நூல் எல்லாம் ஒரே தெருவில் விசாரிக்கலாம். பழகுவதற்கு முழுத் தோல் வேண்டாம், வெட்டி மிஞ்சிய துண்டுகள் போதும். வாங்கும்போது பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். தோல் என்றால் நார் நாராக இருக்கும். துணி ஒட்டியிருந்தால் அது ரெக்சின்.

முதல் கருவிகள்

பெரிய பெட்டி நிறைய வாங்க வேண்டாம். ஐந்து பேருக்கு ஒரு செட் போதும். கூர்மையான கட்டர் கத்தி ஒன்று, இரும்பு ஸ்கேல் ஒன்று, குத்தூசி ஒன்று, முனை மழுங்கிய தடித்த ஊசி இரண்டு, ஒரு சுத்தி, ஓட்டை போட ஒரு பஞ்ச், பாலியஸ்டர் அல்லது நைலான் நூல், ஒரு கட்டி தேன்மெழுகு. அவ்வளவுதான்.

பருத்தி நூல் வேண்டாம். பட்டைத் தோலில் இருக்கும் துவர்ப்பு நாளாவட்டத்தில் அதை இற்றுப்போகச் செய்யும். தையலுக்குச் சம இடைவெளி வைக்க விலை உயர்ந்த கருவி இல்லையா? சாப்பிடும் முள்கரண்டியை அழுத்தினால் வரிசையாகப் புள்ளி விழும். உபயோகத்தில் இல்லாத அம்மிக்கல் இருந்தால், ஒட்டி மடித்த ஓரத்தைத் தட்டி அமுக்க அதைவிட நல்ல மேடை கிடையாது. ஆனால் பஞ்சைக் கல் மேல் வைத்து அடிக்காதீர்கள், முனை போய்விடும். அதற்குப் புளியமரக் கட்டை வையுங்கள்.

கத்திக்கு முன்னால் விரல் இருக்கக் கூடாது. மழுங்கிய கத்திதான் அதிகம் வெட்டும், ஏனென்றால் அதை நாம் பலம் கொடுத்து அழுத்துவோம். ஒட்டுகிற சொல்யூஷன் சீக்கிரம் தீப்பிடிக்கும், நெடி தலையைச் சுற்றும். அடுப்படியிலும் குழந்தை தூங்கும் அறையிலும் வேண்டாம். திண்ணையில் காற்றாட உட்கார்ந்து செய்யுங்கள்.

ரெண்டு ஊசித் தையல்

தைக்கும் நீளத்தைப் போல் நாலு மடங்கு நூல் எடுங்கள். மெழுகு தேய்த்து இரண்டு முனையிலும் ஊசி கோருங்கள். குத்தூசியால் போட்ட ஒரே ஓட்டையில் இந்தப் பக்கமிருந்து ஒரு ஊசி, அந்தப் பக்கமிருந்து ஒரு ஊசி. இரண்டையும் ஒரே பலத்தில் இழுக்க வேண்டும். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். மிஷின் தையலுக்கு இந்தப் பலம் வராது. அங்கே மேல்நூலும் பாபின் நூலும் ஒன்றில் ஒன்று கொக்கி போட்டிருக்கும். ஒன்று அறுந்தால் பக்கத்துத் தையலும் தளரும்.

துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான். அதனால்தான் கை முதலில் பழக வேண்டும் என்கிறோம். சாவிக்கொத்தில் ஆரம்பியுங்கள். அடுத்து கண்ணாடிக் கூடு, அப்புறம் பர்ஸ்.

மிஷின் பார்க்கும்போது

வீட்டில் பழைய இரும்பு கால் மிஷின் இருந்தால் அதுவே முதல் பள்ளிக்கூடம். மெல்லிய ஆட்டுத்தோல் இரண்டு மடிப்பைப் பொறுமையாக ஓட்டினால் தைக்கும். கடையில் தோல் ஊசி என்று கேட்டு வாங்கிப் போடுங்கள். அதன் முனை சின்னக் கத்தி மாதிரி வெட்டி இறங்கும். தையலை 3, 4 மில்லிமீட்டர் நீளமாக வையுங்கள். நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்துவிடும். தோல் ஒட்டிக்கொண்டு நகராவிட்டால் மேலே மெல்லிய காகிதம் வைத்துத் தைத்து, பிறகு கிழித்து எடுத்துவிடலாம். கனமான தோலை மட்டும் திணிக்காதீர்கள், மிஷின் கெட்டுவிடும்.

தோலுக்கென்றே மிஷின் வாங்கும் நாள் வந்தால் என்ன பார்ப்பது? தட்டையான மேடை உள்ளது பர்ஸுக்கும் பெல்ட்டுக்கும் சரி. உருளை மாதிரி மேடை உள்ளது பையின் வளைவுகளுக்கு. கம்பம் மாதிரி உயர்ந்த மேடை உள்ளது ஷூவின் மேல்பாகத்துக்கு. கனத்தோலுக்கு, மேலே அழுத்தும் காலும் ஊசியும் கீழே உள்ள பல்லும் சேர்ந்து தோலை நகர்த்துகிற மிஷின் வேண்டும். அப்போதுதான் மேல் மடிப்பும் கீழ் மடிப்பும் ஒன்றுபோல் நகரும். மோட்டாரில் பழைய கிளட்ச் வகை, தைக்காத நேரத்திலும் சுற்றிக் கரண்ட் குடிக்கும். சர்வோ மோட்டார் மிதித்தால்தான் ஓடும், வேகத்தையும் குறைத்து வைக்கலாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுதான் நல்லது.

கடைக்கு இரண்டு பேராவது போங்கள். நீங்கள் தைக்கப்போகிற தோலையும் நூலையும் கையோடு கொண்டு போங்கள். இரண்டு, மூன்று, நாலு மடிப்பு வைத்து நீங்களே உட்கார்ந்து தைத்துப் பாருங்கள். விற்பவர் தைத்துக் காட்டுவது போதாது. திருப்பி அடிப்பக்கத் தையலைப் பாருங்கள். வீட்டுக் கரண்டில் ஓடுமா? பக்கத்து ஊரில் மெக்கானிக் இருக்கிறாரா? உதிரி பாகம் கிடைக்குமா? இதற்கெல்லாம் பதில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஒரு கணக்கு

மிஷின் விலை இது என்று சொல்லவில்லை, கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 36,000 ரூபாய் கடன், 24 மாதம், நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி. முதல் மாதம் அசல் 1,500, வட்டி 360, ஆக 1,860 ரூபாய். தோல், நூல், பஸ் செலவு போக ஒரு பர்ஸுக்கு 30 ரூபாய் நிற்கிறது என்றால், 62 பர்ஸ் விற்றால்தான் அந்தத் தவணை தீரும். நம் கூலி அதற்கு அப்புறம்தான். இந்த 62 பர்ஸையும் யார் வாங்குவார்கள்? பெயர் சொல்ல முடிந்தால் லோன் எழுதுவோம். முடியாவிட்டால் கையால் தைப்போம், கடன் இல்லாமல் தைப்போம்.

மூன்று மாதம்

முதல் மாதம், ஊரில் தெரிந்தவரைத் தேடி ஐந்து ஐந்து பேராக உட்காருங்கள். இரண்டாம் மாதம், ஆளுக்கு ஒரு பர்ஸ் முடியுங்கள். மூன்றாம் மாதம், அதைக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒருவர் பர்ஸை இன்னொருவர் இழுத்துப் பார்ப்போம். இன்னும் மேலே படிக்க விரும்புகிறவர்களுக்கு, சென்னை அடையாறில் 1948-லிருந்து இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலும், கிண்டியில் உள்ள மத்திய காலணிப் பயிற்சி நிலையத்திலும் என்ன பயிற்சி, என்ன கட்டணம் என்று நாங்கள் கேட்டு வந்து சொல்கிறோம். அது எங்கள் பொறுப்பு.

அதற்குப் பிறகும் மிஷின் வேண்டும் என்று நீங்கள் சொன்னால், அன்று எந்த மிஷின் என்று விற்பவர் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் கை சொல்லும். லோன் விண்ணப்பத்தில் நாங்களும் சேர்ந்தே கையெழுத்துப் போடுவோம். இந்த முறை கேள்வி கேட்டுவிட்டு.