ஜவ்வு விலகினால்

நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டு, பரமத்தி வேலூரில் எங்கள் தோட்டத்து வாழைத்தார் ஒன்றைக் குனிந்தவாறே தூக்கினேன். முழங்காலை மடக்கித் தாரைத் தோளுக்கு ஏற்றும் ஆட்களை நாற்பது ஆண்டுகள் பார்த்தும் அதைக் கற்றுக்கொள்ளாத ஆசிரியன் நான்! அன்றிரவே இடுப்பிலிருந்து இடக்கால் பெருவிரல்வரை நெருப்போடியது போன்ற வலி கண்டது.

ஜவ்வு விலகிவிட்டது என்றார்கள். வழக்கு அவ்வாறிருப்பினும், ஜவ்வு முழுதாக இடம்பெயர்வதில்லை. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் வட்டுகள் உள்ளன. வெளியே நார் வளையம், உள்ளே கூழ். கூழ் பிதுங்கி நரம்பு வேரை நெருக்குவதே இந்நோய். நார் வளையம் கிழிவதே காரணம் என நெடுங்காலம் கருதினர். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் இராஜசேகரன் குழுவினர் 181 நோயாளிகளை ஆராய்ந்து, 2013இல் வேறொன்றைக் காட்டினர்: பெரும்பாலோரிடம் வட்டு எலும்போடு பொருந்தும் இடமே பெயர்ந்திருந்தது.

உறவினருள் ஒரு சாரார், “கத்தி வைத்தால் எழுந்து நடக்கவே முடியாது” என்றனர். மற்றொரு சாரார், “இன்றே அறுத்துவிடுங்கள்” என்றனர். மருத்துவரோ, “சிறுநீர் தடையின்றிக் கழிகிறதா? பாதத்தை மேலே தூக்க முடிகிறதா?” என்றே முதலில் கேட்டார். இரண்டும் சரியாயிருக்கவே, ஆறு வாரம் பொறுக்கச் சொன்னார். பிதுங்கிய கூழை உடலே சிறிது சிறிதாகக் கரைத்துவிடுவதுண்டு. படுத்தே கிடக்கவும் அவர் விடவில்லை. வலி மாத்திரை, இயன்ற நடை, பின்னர் உடற்பயிற்சி.

அறுவை வீணன்று. சிறு கீறல் வழியே, நரம்பை நெருக்கும் துண்டை மட்டும் எடுத்துவிடுகின்றனர். நார்வே நாட்டு வேபர் என்பார், எது நல்லதெனத் துணிய இயலாத 126 நோயாளிகளை இரு பிரிவாக்கி, பத்தாண்டுகள் கவனித்து 1983இல் எழுதினார். ஓராண்டில் அறுவை பெற்றோரே மேலாயிருந்தனர். நான்காம் ஆண்டில் வேறுபாடு குறைந்தது. பத்தாம் ஆண்டில் இல்லையென்றே ஆயிற்று. கத்தி விரைவில் வலி தீர்க்கிறது. பொறுப்போரும் பெரும்பாலும் அங்கேயே வந்து சேர்கின்றனர்.

ஆனால் எனக்குத் தெரிந்த ஒருவர், அறுவைக்கு அஞ்சி, சிறுநீர் இறங்காததையும் இருக்கைப் பகுதி மரத்துப்போனதையும் நான்கு நாள் மறைத்துவிட்டார். அந்நிலையில் மணிக்கணக்குத்தான்; வாரக்கணக்கு இல்லை. பின்னர் அறுவை செய்தும், சிறுநீரை அடக்கும் ஆற்றல் அவருக்கு முழுதும் மீளவில்லை.

என் வலி ஒன்பதாம் வாரத்தில் தணிந்தது. பெருவிரலில் சிறிது மரப்பு இன்றும் உண்டு. தார் தூக்குவது இப்போது என் பேரன். முழங்காலை மடக்கித்தான் தூக்குகிறான்.