கோட்டின் உள்ளுறை



அரூப ஓவியத்தின் முன் நிற்பவர் முதலில் கேட்பது ‘இது என்ன?’ என்னும் வினாவே. நஸ்ரீன் முகமதியின் கோட்டோவியங்கள் அவ்வினாவிற்கு எளிதில் விடை தருவதில்லை. 1937இல் கராச்சியில் பிறந்து, 1972 முதல் பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, 1990இல் மறைந்தவர் அவர். தம் படைப்புகளுள் பெரும்பாலானவற்றிற்கு அவர் தலைப்பு இடவில்லை, ஆண்டும் குறிக்கவில்லை. தாள், மை, பென்சில், வரைகருவிகள் ஆகியவையே அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

அவருடைய பிற்காலப் படங்களில் சாய்கோடுகள் வெற்றிடத்தை ஊடறுத்துச் செல்கின்றன. அழுத்தமாகத் தொடங்கும் கோடு மெலிந்து வெண்மையில் கரைகிறது. இடைவெளிகள் சிறுகச் சிறுகக் குறையுங்கால் தட்டையான தாள் ஆழம் கொள்கிறது. இதனைத் தனிமை என்பார் சிலர். அமைதி என்பார் வேறு சிலர்.

உள்ளத்துணர்வு உடல்வழிப் புலப்படுதலை மெய்ப்பாடு என்பது தமிழ் மரபு. முகமும் கண்ணும் இல்லாத படத்தில் மெய்ப்பாட்டிற்கு இடம் எது? கோட்டின் அழுத்தமும் விரைவும் இடைவெளியுமே அதன் மெய். குறியீட்டின் நிலையோ வேறு. புலவனும் கேட்போனும் திணை மரபைப் பகிர்ந்துகொண்டமையால் உள்ளுறை பொருள் தந்தது. அரூபப் படத்திற்கு அத்தகைய பொது மரபு இல்லை. எனவே ‘சாய்கோடு என்றால் வீழ்ச்சி’ என்று அகராதி காண்பது பொருந்தாது. ஒரு கோட்டின் பொருளை அதன் அண்டைக் கோடுகளே வரையறுக்கின்றன.

இறுதி ஆண்டுகளில் நஸ்ரீனின் உடலியக்கத்தை நோய் குலைத்தது. இச்செய்தி அறிந்தோர் ஒவ்வொரு கோட்டிலும் துயரத்தைக் காண முற்படுகின்றனர். ஆனால் அக்கோடுகளில் நடுக்கம் இல்லை. நோயை அறியாதவரும் அவற்றில் உறுதியைக் காண இயலும். அறிந்தவருக்கோ அவ்வுறுதி தறுகண்மையாகத் தோன்றும். பெருமிதத்தின் நிலைக்களன்களுள் தறுகண்மையும் ஒன்றெனத் தொல்காப்பியம் கூறும். உறுதி, படம் தருவது. தறுகண்மை, வாழ்க்கை வரலாறு சேர்ப்பது. இரண்டும் கொள்ளத்தக்கனவே. எனினும் எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துரைப்பதே பொருள்கோளின் நேர்மை.

கவிதை வாசிப்பிற்கும் இது பொருந்தும். கவிஞரின் துன்பத்தை முன்னரே அறிந்துகொண்டு சொல்லை அணுகுபவர், சொல் தானே செய்திருப்பதைக் காணாது போவார். ஒரு வரியின் மௌனத்திற்குப் பொருள் கூறுமுன், அந்த மௌனத்தை எச்சொற்கள் சூழ்ந்து நிற்கின்றன என்று நோக்குதல் வேண்டும். கோட்டோவியம் கவிஞர்க்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.