எனக்கு மட்டும்தானா?



கல்லூரியை விட்டு இருபது, முப்பது ஆண்டுகள் ஆன பிறகு, கூடப் படித்தவர்கள் தங்கள் வாழ்க்கைச் செய்தியை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது நிறைவைத் தருகிறதா, உளைச்சலைத் தருகிறதா? இதுதான் இன்றைய பட்டிமன்றத்தின் தலைப்பு. நிறைவையே தருகிறது என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தார். ஒன்று, இது ஒப்பிட்டுப் பார்த்துப் பொறாமைப்படும் இடம். இரண்டு, உண்மையான நட்புக்குச் செய்தியே தேவையில்லை. மூன்று, வாழ்க்கையில் அடிபட்டவர்களை இது இன்னும் ஒதுக்கிவைக்கிறது. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வித்தாளின் கதையைச் சொல்ல அனுமதி கேட்கிறேன்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்மித் கல்லூரி என்று ஒரு பெண்கள் கல்லூரி இருக்கிறது. 1942-இல் அங்கே பட்டம் பெற்றவர் பெட்டி ஃப்ரீடன். படிப்பில் முன்வரிசைக்காரர். பிறகு திருமணம், மூன்று குழந்தைகள், நியூயார்க்கின் புறநகரில் குடித்தனம், இடையிடையே மகளிர் இதழ்களுக்குக் கட்டுரைகள். 1957-இல் பதினைந்தாம் ஆண்டுச் சந்திப்பு வந்தது. 'இப்போது எப்படி இருக்கிறீர்கள்?' என்று கூடப் படித்த பெண்களுக்கெல்லாம் விரிவான ஒரு கேள்வித்தாளை அனுப்பினார். மேற்படிப்புப் படித்த பெண் குடும்பத்துக்கு ஒத்துவரமாட்டாள் என்று அந்தக் காலத்தில் அங்கே ஒரு பேச்சு இருந்தது. அது பொய் என்று காட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம்.

சுமார் 200 பேர் பதில் எழுதினார்கள். படிக்கப் படிக்க, அவர் எதிர்பார்க்காத ஒன்று புலப்பட்டது. நல்ல கணவர், வசதியான வீடு, ஆரோக்கியமான பிள்ளைகள், எல்லாம் இருந்தும் பலருக்கு உள்ளே ஒரு வெறுமை. அந்த வெறுமை தன் குறைதான் என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. கணவரிடம் சொல்லவில்லை. பதினைந்து வருடம் கழித்து, கூடப் படித்தவள் கேட்டபோது சொன்னாள்.

இதைக் கட்டுரையாக்கி மகளிர் இதழ்களிடம் கொண்டுபோனார் ஃப்ரீடன். அது அவர் எழுதியபடி எங்கும் வெளிவரவில்லை. அவர் விடவில்லை. மேலும் பல பெண்களைச் சந்தித்தார், படித்தார், எழுதினார். 1963-இல் அது 'தி ஃபெமினைன் மிஸ்டிக்' என்ற புத்தகமாக வந்தது. லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போனது. 1966-இல் தொடங்கிய தேசிய மகளிர் அமைப்புக்கு அவரே முதல் தலைவரானார். அமெரிக்கப் பெண்களின் வாழ்க்கையை மாற்றிய ஓர் இயக்கத்துக்கு வேராக நின்றவற்றில், பழைய மாணவிகள் எழுதியனுப்பிய வாழ்க்கைச் செய்திகளும் உண்டு.

நடுவர் அவர்களே, என் வாதம் முழுவதும் இந்தக் கதையில் இருக்கிறது. 'இது எனக்கு மட்டும்தானா?' என்று ஒரு மனிதன் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு, 'இல்லை, எனக்கும்தான்' என்று பதில் சொல்லக்கூடியவர்கள் கூடப் படித்தவர்கள். ஒரே வயது, ஒரே காலம், ஒரே வகுப்பறையிலிருந்து புறப்பட்டவர்கள். நம் பதவியைப் பார்த்துப் பழகியவர்கள் இல்லை. பதவி வருவதற்கு முன்பே நம்மை அறிந்தவர்கள்.

நம் ஊருக்கு வருவோம். 1914-இல் சென்னைக் கடற்கரைக்கு எதிரே ராணி மேரி கல்லூரி வந்தது. 1948-இல் மதுரையில் லேடி டோக் கல்லூரி வந்தது. தலைமுறை தலைமுறையாக நம் பெண்கள் பட்டம் வாங்கினார்கள். வாங்கிய பிறகு எங்கே போனார்கள்? நான் 1980-களில் படித்தவள். கடைசி நாளில் ஆட்டோகிராப் நோட்டில் எல்லோரும் எழுதினோம். முகவரியும் எழுதினோம். அது அப்பா வீட்டு முகவரி. அடுத்த ஆண்டு கல்யாணம். முகவரி மாறியது. பெயருக்கு முன்னால் இருந்த அப்பாவின் எழுத்துப் போய்க் கணவரின் எழுத்து வந்தது. நாங்கள் போட்ட இன்லேண்ட் கடிதங்கள் யாரும் பிரிக்காமல் அப்பா வீட்டுப் பரணில் கிடந்தன. ஆண் நண்பர்களுக்கு ஊரில் ஒரு டீக்கடையாவது இருந்தது, கேட்டால் விசாரித்துச் சொல்வதற்கு. எங்களைத் தேடுவதற்கு ஒரு பெயர்கூட மிஞ்சவில்லை. இருபத்தைந்து ஆண்டு கழித்து யாரோ ஒருத்தி ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கி, 'வகுப்பில் என் பக்கத்தில் உட்காருவாயே, நீதானே?' என்று கேட்டபோதுதான் எங்களில் பலர் மறுபடியும் கிடைத்தோம். இதை உளைச்சல் என்று சொன்னால், எங்களுக்கு நேர்ந்தது என்னவென்று எதிரணிக்குத் தெரியவில்லை என்றுதான் சொல்வேன்.

இப்போது முதல் குற்றச்சாட்டு. ஒப்பீடு.

எதிரணி நண்பரே, ஒப்பீடு எங்கேதான் இல்லை? பக்கத்து வீட்டுக் காரைப் பார்க்கிறோம், கல்யாண மண்டபத்தில் நகையைப் பார்க்கிறோம். அந்த ஒப்பீடு ஓயவே ஓயாது, ஏனென்றால் அவர்கள் வாழ்க்கையின் வெளிப்பக்கம் மட்டும்தான் நமக்குக் கிடைக்கிறது. கூடப் படித்தவர்களின் செய்தி ஆண்டுகள் ஏற ஏற உள்பக்கத்தைத் திறந்துகாட்டுகிறது. கவனித்துப் பாருங்கள். ஐந்தாம் ஆண்டில் சம்பளத்தைச் சொல்வார்கள். பத்தாம் ஆண்டில் கட்டிய வீட்டைச் சொல்வார்கள். இருபதாம் ஆண்டில் பிள்ளைகளின் மதிப்பெண்ணைச் சொல்வார்கள். முப்பதைத் தாண்டினால்? முட்டிவலி, சர்க்கரை, அப்பா போனது, அம்மாவுக்கு நினைவு தப்பியது, வெளிநாட்டு மகன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுவது. அந்த வயதில் யாரும் யாருக்கும் மேலே இல்லை. பொறாமை வருகிறதே என்று பத்தாம் ஆண்டிலேயே விலகிவிட்டவர்கள், முப்பதாம் ஆண்டின் இந்த உண்மையை இழந்துவிடுகிறார்கள். நான் சொல்கிறேன்: ஒப்பீட்டுக்கு மருந்து இன்னும் கொஞ்சம் செய்திதான்.

ஒருமுறை கேட்ட செய்தியை வைத்து ஒரு வாழ்க்கையை எடைபோட முடியாது என்பதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது. கலிபோர்னியாவில் ஓக்லண்ட் நகரில் மில்ஸ் கல்லூரி இருந்தது. 1958-இலும் 1960-இலும் அங்கே படித்து முடித்த சுமார் 140 பெண்களை, ரவென்னா ஹெல்சன் என்ற உளவியல் பேராசிரியர் அவர்களின் இருபத்தோராம் வயதிலிருந்து பின்தொடர்ந்தார். இருபத்தேழில் கேட்டார்கள், நாற்பத்து மூன்றில் கேட்டார்கள், ஐம்பத்திரண்டில் கேட்டார்கள், அதற்குப் பிறகும் கேட்டார்கள். ஐம்பது வயதைப் பெண்ணின் இறங்குமுகம் என்று உலகம் நினைத்திருந்தது. ஆனால் ஐம்பதுகளின் தொடக்கத்தில் இருந்த முன்னாள் மாணவிகளில் பலர், தங்கள் வாழ்க்கை இப்போதுதான் சிறப்பாக இருக்கிறது என்று எழுதினார்கள். ஒரு பெண்ணை இருபத்தேழில் பார்த்து முடிவு கட்டியிருந்தால் அது தவறான முடிவு. நாற்பத்து மூன்றில் கட்டியிருந்தாலும் தவறு. ஒரு வாழ்க்கை எப்படிப் போகிறது என்று தெரிய வேண்டுமானால் பத்தாண்டுக்கு ஒருமுறையாவது மறுபடி கேட்க வேண்டும்.

இரண்டாவது குற்றச்சாட்டு. உணர்ச்சி ஒத்திருந்தால் போதும், கூடிப் பழகுவதுகூட நட்புக்கு வேண்டாம் என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். புலவர் பிசிராந்தையாரும் மன்னன் கோப்பெருஞ்சோழனும் பார்க்காமலே நட்பாக இருந்தார்கள். அவர்களுக்குள் என்ன செய்திப் பரிமாற்றம் நடந்தது என்று கேட்டார் எதிரணித் தலைவர். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். நல்ல கேள்வி.

ஆனால் பிசிராந்தையார் பாடியதைத் திறந்து பார்ப்போம். புறநானூற்றின் 191-ஆம் பாட்டு. வயது இத்தனை ஆகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று அவரைக் கேட்கிறார்கள். அவர் என்ன பதில் சொல்கிறார்? என் மனைவி மாண்புடையவள், பிள்ளைகளும் குணம் நிறைந்தவர்கள், பணியாளர்கள் நான் நினைப்பதையே நினைக்கிறார்கள், அரசன் முறை தவறாமல் காக்கிறான், என் ஊரில் அடக்கமும் கொள்கையும் உள்ள சான்றோர் பலர் இருக்கிறார்கள் என்கிறார். நடுவர் அவர்களே, இது என்ன? பல ஆண்டு கழித்து ஒரு மனிதர் கொடுக்கும் வாழ்க்கைச் செய்தி! மனைவி, மக்கள், வேலை, நாடு, ஊர் என்று எல்லாம் வந்துவிட்டது. எத்தனை கழஞ்சு பொன் சேர்த்தேன் என்று அவர் சொல்லவில்லை. யாரோடு வாழ்கிறேன் என்று சொன்னார். எதிரணி தங்களுக்குச் சாட்சியாக அழைத்துவந்த அந்தப் புலவரே எங்கள் பக்கம் பேசுகிறார்.

வள்ளுவரையும் முழுவதுமாகப் படிக்க வேண்டும். நட்பு என்று ஓர் அதிகாரம், நட்பாராய்தல் என்று ஓர் அதிகாரம் எழுதிவிட்டு, அடுத்து என்ன எழுதினார்? பழைமை. நெடுங்கால நட்புக்கு உரிமை எவ்வளவு என்று சொல்லப் பத்துக் குறள் தனியாக ஒதுக்கினார். பழகிப் பழகி வந்த உறவை அவர் அவ்வளவு பெரிதாக மதித்தார்.

எதிரணியில் ஒரு தம்பி '96' என்ற திரைப்படத்தை உதாரணம் காட்டினார். இருபத்திரண்டு ஆண்டு கழித்துச் சந்தித்ததால்தானே அதில் வரும் பள்ளிக்காலக் காதலர்கள் ராமுக்கும் ஜானுவுக்கும் அவ்வளவு வலி என்றார். தம்பி, அந்த வலி சந்திப்பில் பிறந்ததா? ஜானுவின் கல்லூரிக்கு ராம் தேடி வந்ததும், யாரோ என்று நினைத்து அவளே அவனைப் பார்க்காமல் திருப்பி அனுப்பியதும், அவர்கள் சந்தித்த அந்த இரவில்தானே அவளுக்குத் தெரிந்தது? செய்தி போய்ச் சேராததால் வந்த வலி அது. உரிய காலத்தில் ஒரு சொல் போயிருந்தால் அந்தக் கதை வேறு.

மூன்றாவது குற்றச்சாட்டுதான் கனமானது. அடிபட்டவர்கள் ஒதுங்கிப்போகிறார்கள் என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன். எல்லாக் குழுவிலும் பேசாமல் இருக்கும் சிலர் உண்டு. பணி உயர்வும் வெளிநாட்டுப் பயணமும் வந்து விழும்போது, 'நான் என்னத்தைச் சொல்ல?' என்று அமைதியாகிவிடுகிறார்கள். ஆனால் அவர்களுக்காக இந்தப் பழக்கத்தையே விட்டுவிடலாமா? அவர்களுக்காகத்தான் இதைத் தொடர வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, குழுவில் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் ஒரு வார்த்தை எழுதியதில்லை. ஒருநாள் எழுதினாள். அம்மாவுக்கு மறதி நோய். சொந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு 'வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்' என்று பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறார். கண்ணயர முடியவில்லை, ஒரு விசேஷத்துக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது, உங்கள் படங்களையெல்லாம் பார்க்கிறேன், பதில் போடத்தான் தெம்பில்லை என்று எழுதினாள்.

அடுத்த நாள் காலைக்குள் பதில்கள் வந்தன. 'என் மாமியாருக்கும் இதேதான்' என்று ஒருத்தி. 'எங்கள் அப்பாவுக்கும்' என்று இன்னொருத்தி. தாழ்ப்பாளைக் கதவின் அடிப்பக்கம் மாற்றிப் போடு, கண்மட்டத்தில் இல்லாவிட்டால் தேடமாட்டார் என்று ஒருத்தி சொன்னாள். உன் தொலைபேசி எண்ணை ஒரு தகட்டில் பொறித்து அம்மா கழுத்தில் கயிற்றோடு போட்டுவிடு, தெருமுனைக் கடைக்காரரிடமும் சொல்லிவை என்று ஒருத்தி. 'இதுதான் உன் வீடு' என்று வாதாடாதே, 'காப்பி குடித்துவிட்டுப் போகலாம்மா' என்று சொல், மறந்துவிடுவார் என்று ஒருத்தி. எந்த மருத்துவமனைச் சீட்டிலும் இதெல்லாம் எழுதியிருக்காது. அதே பாரத்தைச் சுமந்த, அதே வயதுக்காரிகள் சொன்னது. பக்கத்து ஊரில் இருந்தவள் ஒரு நாள் வந்து அம்மாவோடு உட்கார்ந்துகொண்டாள். தோழி தன் அண்ணன் மகள் வளைகாப்புக்குப் போய்வந்தாள். இதை உளைச்சல் என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே குறை செய்தியில் இல்லை. நாம் கேட்கும் விதத்தில் இருக்கிறது. 'எங்கே வேலை? பையன் எங்கே படிக்கிறான்?' என்று கேட்டால், சொல்ல ஒன்றும் இல்லாதவர் வாயை மூடிக்கொள்வார். 'அம்மா எப்படி இருக்கிறார்? நீ நன்றாகத் தூங்குகிறாயா? இப்போதும் பாடுகிறாயா?' என்று கேட்டால் யாரும் பதில் சொல்லலாம். நம் வெள்ளிவிழா மலர்களில் பெயருக்குக் கீழே பதவியை மட்டும் அச்சிடும் பழக்கத்தை மாற்ற வேண்டும். நான்கு வரி எழுத எல்லோருக்கும் இடம் கொடுக்க வேண்டும்; வீட்டைப் பார்த்துக்கொண்டவளுக்கும், கடை நொடித்துப்போனவருக்கும், அதே அளவு இடம்.

நன்கொடை வாங்கத்தான் இந்தச் சந்திப்பெல்லாம் என்றும் எதிரணியினர் சொன்னார்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறும் ஒரு பிள்ளைக்கு அந்தப் பணம் கட்டணமாகப் போகிறதென்றால் தாராளமாக வாங்கட்டும். பணத்தை விடுங்கள், கொரோனா இரண்டாம் அலை அடித்த 2021 மே மாதத்தையும் மறக்காதீர்கள். ஆக்சிஜன் படுக்கைக்கு ஊரே அலைந்தபோது, 'எந்த மருத்துவமனையில் இடம் இருக்கிறது?' என்று நள்ளிரவில் கேட்கத் துணிந்த இடங்களில் ஒன்று கூடப் படித்தவர்களின் குழு. முப்பது ஆண்டு பேசாமல் இருந்திருந்தால் அந்த உரிமை அந்த இரவில் திடீரென்று முளைத்திருக்குமா?

நிறைவாக நடுவர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஸ்மித் கல்லூரியின் அந்த 200 பெண்களும் 'என் கதையை எழுதி என்ன ஆகப்போகிறது' என்று பேசாமல் இருந்திருந்தால், அவர்களின் துன்பம் அவரவர் சமையலறையோடு முடிந்திருக்கும். எழுதினார்கள், அது எல்லோருடைய கேள்வியாயிற்று. நம்மிடையே இருக்கும் தனிமைக்கும் வழி அதுதான். வயது ஏற ஏற நம்மை 'சார்' என்றும் 'மேடம்' என்றும் கூப்பிடுகிறவர்கள் கூடுகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைகிறார்கள். அந்தச் சிலரை உளைச்சல் என்று பெயர் வைத்து நாமே தள்ளிவிட வேண்டாம். பழைய மாணவர்களின் வாழ்க்கைச் செய்தி நிறைவையே தருகிறது என்று தீர்ப்பு வழங்குங்கள்.

அவையில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லி அமர்கிறேன். உங்கள் வகுப்பில் வெகுநாளாகப் பேசாமல் இருப்பவர் யார் என்று உங்களுக்கே தெரியும். தீர்ப்புக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். இன்றிரவே அவருக்கு எழுதுங்கள். முதலில் உங்கள் கஷ்டம் ஒன்றைச் சொல்லுங்கள், பிறகு அவர் நலம் கேளுங்கள்.