கசியிழையத்தை விரைந்து படமெடுத்தல்

ருவான்வெல்லைப் பகுதி இறப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டும் தொழிலாளரின் முழங்கால், சரிவில் ஏறும்போதும், நிறைந்த வாளியோடு இறங்கும்போதும், மரத்தடியில் குந்தியிருந்து தாழ்ந்த பட்டையை வெட்டும்போதும், உடலின் எடையைப் போலப் பலமடங்குச் சுமையைத் தாங்குகிறது. அச்சுமையை ஏற்பது எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் கசியிழையம், அதாவது குருத்தெலும்பு. சில மில்லிமீற்றர் தடிப்பேயுள்ள அதற்கு இரத்தக் குழாயும் நரம்பும் இல்லாமையால், தேய்வின் தொடக்கத்தை வலி அறிவிப்பதில்லை, தேய்ந்த இடம் எளிதில் ஆறுவதுமில்லை. கரவனல்லை ஆதார வைத்தியசாலையிலாயினும் வேறெங்காயினும், மூட்டுவலிக்கு முதலில் எடுக்கப்படும் எக்ஸ்ரே படத்தில் கசியிழையம் தெரியாது. எலும்புகளுக்கிடையே இடைவெளி குறுகிய பின்னரே தேய்வு ஊகிக்கப்படுகிறது.

கசியிழையத்தின் நிறையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீராகும். அந்நீரிலுள்ள ஐதரசன் அணுக்கருக்களை வலிய காந்தப்புலத்தில் நிறுத்தி, வானொலி அலைத்துடிப்பால் கிளர்த்தி, அவை திருப்பியனுப்பும் சைகையைப் படமாக்குவது எம்.ஆர்.ஐ. முறை. 1.5 டெஸ்லாக் கருவியின் அலை ஏறத்தாழ 64 மெகாஹேர்ட்ஸ், பண்பலை வானொலி அலைவரிசைக்குச் சற்றுக் கீழே. ஆனால் சைகை வரி வரியாகவே திரட்டப்படுகிறது. ஒவ்வொரு வரிக்கும் புதிய துடிப்பும் காத்திருப்பும் வேண்டும். படம் நுண்மையாக நுண்மையாக வரிகள் பெருகுகின்றன. நோயாளியோ, வலிக்கும் காலை அத்தனை நேரம் அசைக்காமல் வைத்திருக்கவேண்டும்.

ஆகவே வரிகளைக் குறைப்பதே ஆய்வாளரின் நோக்கமாயிற்று. 1999இல் சூரிச்சில் கிளாஸ் புருஸ்மன் குழுவினர், உடலைச் சுற்றி வைக்கப்பட்ட பல ஏற்பிச் சுருள்கள் ஒரே இடத்தை வெவ்வேறு வலிமையில் உணர்வதைக் கொண்டு, விடுபட்ட வரிகளைக் கணித்தனர். 2007இல் மைக்கேல் லஸ்டிக், டேவிட் டோனஹோ, ஜோன் போலி ஆகியோர், படத்தின் தகவலைச் சுருக்கிவிட முடியுமாயின் முழுவதையும் அளக்கவேண்டியதில்லை என்ற கணிதத்தை எம்.ஆர்.ஐ.க்குப் பொருத்தினர். நியூயோர்க் பல்கலைக்கழக மருத்துவ மையமும் பேஸ்புக் நிறுவனமும் 2018இல் தொடங்கிய கூட்டாய்வு, செயற்கை நுண்ணறிவைப் பழைய முழங்கால் படங்களில் பயிற்றியது. 2020இல் 108 நோயாளரின் படங்களை, அளவையில் கால் பங்கைக் கொண்டே மீட்டெடுத்தபோது, கதிரியல் வல்லுநரின் நோய்க்கணிப்பு பெரிதும் மாறவில்லை.

படமெடுப்பு இவ்வாறு விரைவதன் உண்மையான பயன், ஒரே கருவியில் கூடுதலானோருக்கு இடம் கிடைப்பதாகும். ஒரு நாள் பேரை, அதாவது நாட்சம்பளத்தை, இழந்து கொழும்புத் தேசிய வைத்தியசாலை வரை செல்லும் தோட்டத் தொழிலாளிக்கு, வரிசை குறைவதே பெரிய உதவி. எனினும் வரிகளை அளவுமீறிக் குறைத்தால், கணிப்பொறி வழவழப்பான, அழகான படத்தைத் தந்துகொண்டே, மிகச் சிறிய வெடிப்பை அழித்துவிடக்கூடும். தேய்வின் தொடக்கமோ அத்தகைய சிறு வெடிப்பாகவே இருப்பதுண்டு. எனவே எவ்வளவு குறைக்கலாம் என்பதைக் கருவியின் வேகத்தைக் கொண்டன்றி, கசியிழையத்தின் மிகச் சிறிய சிதைவு படத்தில் தப்பாமல் தெரிகிறதா என்பதைக் கொண்டே தீர்மானிக்கவேண்டும்.