கோபாகபானா போகும் பஸ்

தென் அமெரிக்கா என்றதும் மச்சு பிச்சுவின் மதில்களும் ஊயுனியின் உப்புப் பாலைவனமும் உங்கள் மனக்கண்முன் வந்து நிற்கும். அவற்றை வர்ணிக்கப் புத்தகங்கள் வேண்டிய மட்டும் இருப்பதால், இன்று உங்களைப் பொலிவியாவின் லா பாஸ் நகரத்தில், பெரிய கல்லறைத் தோட்டத்தின் பக்கத்தில் வரிசையாக நிற்கும் உள்ளூர் பஸ்களில் ஒன்றில் ஏற்றிவிடுகிறேன். பிரயாணம் தொடங்குமிடம் கல்லறையா என்று யாரும் சகுனம் பார்க்க வேண்டாம். டிட்டிகாக்கா ஏரிக்கரையிலுள்ள கோபாகபானாவுக்கு வண்டி அங்கிருந்துதான் புறப்படுகிறது. புறப்படும் நேரமென்று ஒன்று கிடையாது, நிறைந்தால் நகரும்.

பள்ளத்தாக்கிலிருந்து திணறி ஏறி, 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட எல் ஆல்டோ மேட்டை அடைந்ததும், வலப்புறம் பனிமலைகள் கூடவே வர, இடப்புறம் மரமென்று பெயர் சொல்ல ஒன்றுமில்லாத சமவெளி கண்ணுக்கெட்டிய மட்டும் விரிந்து கிடக்கிறது. யாராவது குரல் கொடுத்தால் பஸ் நிற்கிறது. முதுகில் வண்ணத் துணி மூட்டையுடன் ஒரு மூதாட்டி இறங்கி நடக்கிறார். எந்த வீட்டுக்குப் போகிறார் என்று தேடிப் பார்த்தால் அடிவானம் வரையில் வீடே இல்லை. ஆனால் அவர் நடையிலோ சிறிதும் சந்தேகமில்லை.

என் பக்கத்து ஆசனத்தில் வட்டத் தொப்பியும் அடுக்குப் பாவாடையும் அணிந்த அய்மாரா இன அம்மையார் ஒருவர் அமர்ந்திருந்தார். ஏரி கண்ணில் படத் தொடங்கியதும், எல்லோரும் ஜன்னலுக்குத் திரும்பிய அந்த வேளையில், அவர் நிதானமாக மடியிலிருந்த மூட்டையை அவிழ்த்தார். வறுத்த சிறு மீன், அவித்த மொச்சை போன்ற பருப்பு, வெள்ளைப் பாலாடைக்கட்டி, அவற்றுக்கு நடுவே கூழாங்கற்களைப் போலக் கறுத்துச் சுருங்கிய சில உருண்டைகள். ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். மறுப்பது மரியாதையன்று. அதுதான் சுன்யோ என்னும் உலர்ந்த உருளைக்கிழங்கு.

நேயர்களே, ஏரியைச் சற்றுப் பொறுத்துப் பார்க்கலாம். இந்தக் கிழங்கின் சரித்திரம் காத்திராது. உருளைக்கிழங்கை மனிதன் முதன்முதலில் பயிரிட்டது, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன், இந்த ஏரியைச் சுற்றிய பிரதேசத்தில்தான் என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து. நமக்கு ஆனியும் ஆடியுமான மாதங்கள் அங்கே கடுங்குளிர் காலம். இரவில் உறைபனி, பகலில் மேகமற்ற வெயில். பயிர்களை எல்லாம் கருக்கிக் கொல்லும் அந்த உறைபனியை விரட்ட வழியில்லை என்று கண்ட முன்னோர்கள், அதனிடமே வேலை வாங்கும் உபாயத்தைக் கண்டுபிடித்தார்கள். கிழங்குகளைப் புல்வெளியில் பரப்பிச் சில இரவுகள் உறையவிட்டு, பகலில் இளகியபின் குவியல் குவியலாகச் சேர்த்து, குடும்பத்தார் வெறுங்காலால் மிதித்து நீரையும் தோலையும் பிழிந்தெடுத்து, மீண்டும் வெயிலில் உலர்த்துகிறார்கள். அப்படியே சமைத்தால் உண்ண முடியாத கசப்புக் கிழங்குகூட இவ்விதம் பக்குவப்பட்டு, ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும் ஆகாரமாகிவிடுகிறது. சில வாரங்கள் ஓடும் நீரில் ஊறவைத்து உலர்த்தினால் வெள்ளை வெளேரென்று துந்தா என்னும் உயர்ந்த ரகம் கிடைக்கும்.

இன்கா அரசர்கள் களஞ்சியங்களில் இதைச் சேமித்தார்கள். 1545-ல் பொட்டோசி மலையில் வெள்ளி கண்டெடுக்கப்பட்டதும், சுரங்கத்தில் உழைத்த பூர்வகுடிகளின் பசி தீர்த்தது இதுவே. சுன்யோவைச் சுரங்கத்துக்குக் கொண்டுபோய் விற்றே ஸ்பானியர் பலர் தனவந்தர்களாகித் தாய்நாடு திரும்பினார்கள் என்று ஸ்பானியச் சரித்திர ஆசிரியர் சியெஸா தெ லியோன் 1553-ல் வெளிவந்த தமது நூலில் எழுதியிருக்கிறார். ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகச் சென்ற வெள்ளியைப் பற்றிப் பேசாத சரித்திர ஆசிரியர் இல்லை. அதைத் தோண்டிய கைகளுக்குச் சோறிட்ட குடியானவனின் காலடியைப் பற்றிப் பேசுவோர்தாம் குறைவு.

இதையெல்லாம் எண்ணிக்கொண்டு நான் மென்றுகொண்டிருக்கையில், பஸ் நின்று எல்லோரும் இறங்கினார்கள். டிக்கினா ஜலசந்தி! அகலம் ஒரு கிலோமீட்டருக்குள்தான், பாலம் இல்லை. காலி பஸ் ஒரு மரத் தெப்பத்தின்மீது ஏறி ஆடி ஆடிக் கடக்க, பிரயாணிகள் தனி டிக்கெட் வாங்கிச் சிறு படகில் அக்கரை சேர வேண்டும். சிலியுடன் 1879-ல் மூண்ட யுத்தத்தில் கடற்கரை முழுவதையும் இழந்த இந்தத் தேசம், தன் கடற்படையை மட்டும் கைவிடாமல், அதற்கொரு முகாமை இந்த ஏரிக்கரையில்தான் வைத்திருக்கிறது. அந்த அம்மையார் கடற்படையையும் பார்க்கவில்லை, தெப்பத்தில் தள்ளாடிய தம் பஸ்ஸையும் பார்க்கவில்லை. மூட்டை நனையாமல் இருக்கிறதா என்பதிலேயே கவனமாயிருந்தார்.

கோபாகபானா தேவமாதா ஆலயத்தைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். வானொலி நிலையத்தார் தந்த நேரமோ கிழங்கிலேயே கரைந்துவிட்டது. அந்த வழி போகிறவர்கள் சுன்யோவைச் சூட்டோடு உண்ணுங்கள். ஆறினால் சற்றுக் கடினம். மாமிசம் உண்பவர்களுக்குச் சுன்யோவைப் போட்டுக் கொதிக்கவைத்த சாய்ரோ என்னும் சூப்பு உண்டு. மற்றவர்கள் பாலாடைக்கட்டியுடன் கேட்டு வாங்கலாம். தொட்டுக்கொள்ள, தக்காளியும் மிளகாயும் கல்லில் அரைத்த துவையல் வரும். மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்துதான் நம் அம்மிக்கு வந்தது. ஆனால் அந்தக் கதையைத் தொடங்கினால் இன்னொரு பஸ் பிடிக்க வேண்டியிருக்கும்.