சம்பள முறை வேறானாலும் மிகைநேர உரிமை மறையாது

(பினாங்கு, ஜார்ஜ்டவுனில் தோட்டப் பாட்டாளிகளிடையே ஆற்றிய உரை)



தோட்டத்தில் நாம் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சை இன்று ஆராய்வோம். "நீ எடைக்கூலிக்காரன். எத்தனை கிலோ பால் கொண்டுவருகிறாயோ அத்தனைக்குக் கூலி. உனக்கு ஏது ஓவர்டைம்?" என்கிறார்கள். இதை மேலே உள்ளவர்கள் மட்டும் சொல்வதில்லை. நம்மிலேயே பலர் இதை உண்மையென்று நம்பிக் கேட்காமல் இருந்துவிடுகிறோம். இது உண்மைதானா?

நம் வேலைக்கு ஆதாரமான சட்டம் 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம். அது 1957 ஜூன் 1-இல் அமலுக்கு வந்தது. அதன் 60ஏ பிரிவு சொல்வது இதுதான்: வழக்கமான வேலை நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு, மணிக்கூலியைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், சம்பளம் எந்த அடிப்படையில் நிர்ணயிக்கப்பட்டிருந்தாலும் சரி. மாதச் சம்பளம், நாள் சம்பளம், எடைக்கூலி என்ற வேற்றுமை சாதாரண நாளின் மிகைநேரத்துக்குக் கிடையாது.

அப்படியானால் வேற்றுமை எங்கே வருகிறது? மணிக்கூலியைக் கணக்கிடும் வழியில் வருகிறது. மாதச் சம்பளக்காரருக்கு மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுக்க வேண்டும். நாள் சம்பளக்காரருக்கும் எடைக்கூலிக்காரருக்கும் முந்திய சம்பள காலத்தில் ஈட்டிய தொகையை, அவர் வேலை செய்த நாட்களால் வகுக்க வேண்டும். மிகைநேரத்துக்கும் ஓய்வு நாளுக்கும் விடுமுறைக்கும் கிடைத்த பணத்தை இதில் சேர்ப்பதில்லை. இப்படி வரும் ஒரு நாள் கூலியை வழக்கமான வேலை மணிகளால் வகுத்தால் மணிக்கூலி கிடைக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். வாரத்துக்கு 45 மணிக்கு மேல் வழக்கமான வேலை கூடாது என்பது 2023 ஜனவரி 1 முதல் உள்ள விதி. அதற்கு முன் அது 48 மணியாக இருந்தது. ஆறு நாள் வேலையென்றால் நாளுக்கு ஏழரை மணி. ஒரு கிராணியாருக்கு மாதம் 1,950 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 75 வெள்ளி, மணிக்கு 10 வெள்ளி. பால் வெட்டும் அம்மா ஒருவர் போன மாதம் 24 நாள் வேலை செய்து எடைக்கூலியாக 1,800 வெள்ளி ஈட்டினார் என்போம். அவருக்கும் நாளுக்கு 75 வெள்ளி, மணிக்கு 10 வெள்ளி. ஆகவே ஒரு மணி மிகைநேரத்துக்கு இருவருக்கும் 15 வெள்ளி. ஒருவர் மேசையில், ஒருவர் நிரையில், உரிமை ஒன்றுதான்.

ஓய்வு நாளில் வேலைக்கு அழைத்தால் மூவருக்கும் கணக்கு மாறும். இதைக் கவனமாகக் கேளுங்கள்.

நாள் சம்பளக்காரர் அரை நாள் வரை வேலை செய்தால் ஒரு நாள் கூலி. அதற்கு மேல் முழு நாள் வரை செய்தால் இரண்டு நாள் கூலி. மாதச் சம்பளக்காரருக்கு மாதச் சம்பளம் குறையாமல் வருகிறது. அதற்கு மேல் அரை நாள் வரை அரை நாள் கூலி, அதைத் தாண்டினால் ஒரு நாள் கூலி. இவ்விருவரும் அன்றைய வழக்கமான நேரத்தையும் கடந்து வேலை செய்தால், கடந்த ஒவ்வொரு மணிக்கும் மணிக்கூலி இரட்டிப்பு. எடைக்கூலிக்காரருக்கோ எடை விலையே இரட்டிப்பு. கிலோவுக்கு 2 வெள்ளியென்றால் அன்று 4 வெள்ளி.

சம்பளத்துடன் கூடிய பொது விடுமுறையில், மே தினமோ மலேசியா தினமோ, வேலை செய்தால் விடுமுறைக் கூலி எல்லாருக்கும் உண்டு. அதற்கு மேல் மாதச் சம்பளக்காரருக்கும் நாள் சம்பளக்காரருக்கும் இரண்டு நாள் கூலி. எடைக்கூலிக்காரருக்கு இரட்டை எடை விலை. வழக்கமான நேரத்தைக் கடந்தால் முன்னவர்களுக்கு மணிக்கூலி மும்மடங்கு, பின்னவருக்கு எடை விலை மும்மடங்கு.

"பால் வெட்டுகிறவனுக்கு மணிக்கணக்கு எப்படிப் பார்ப்பது?" என்று கேட்கலாம். சட்டம் அதற்கும் விளக்கம் தந்திருக்கிறது. தொழிலாளி தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாமல், முதலாளியின் ஏவலுக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் வேலை நேரமே. காலையில் பெரட்டில் நிற்பதும் வேலை நேரம். மழை விடட்டும் என்று போகவிடாமல் நிறுத்தி வைப்பதும் வேலை நேரம். ஸ்டோரில் பால் நிறுவைக்கு வரிசையில் நிற்பதும் வேலை நேரம். வாளி கையில் இருக்கும்வரை நாம் வீட்டுக்குப் போக முடியாதல்லவா?

இதில் கிராணிமார்களாகிய நமக்குத் தனிப் பொறுப்பு உண்டு. செக்ரோல் நம் கையில் இருக்கிறது. பெயரையும் கிலோவையும் மட்டும் எழுதி, நேரத்தை எழுதாமல் விட்டால், தொழிலாளியின் உரிமை அந்த வெற்றுக் கட்டத்திலேயே புதைந்துபோகும். பதிவேடுகளை ஆறு ஆண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டமே. நமக்கும் ஓர் எச்சரிக்கை: மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்கும் அலுவலக ஊழியருக்கு இந்த மிகைநேர விதிகள் சட்டப்படி செல்லாது. அவருக்கு ஒப்பந்தமே துணை. ஒப்பந்தத்துக்குச் சங்கமே துணை.

எடைக்கூலித் தோழர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பால் குறைந்த மாதமென்று கூலி தரைமட்டத்துக்கு இறங்கக் கூடாது. 2025 பிப்ரவரி 1 முதல், ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் இடங்களில், குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. எடைக்கூலிக்காரரின் மாதக் கூலிக்கும் இதுவே அடிமட்டம்.

தீவுக்கு அக்கரையில் நம் பெற்றோர் பால் வெட்டிய தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடுகளாகவும் மாறிவிட்டன. நம் பிள்ளைகள் பிறையிலும் பாயான் லெப்பாசிலும் ஆலைகளுக்குப் போகிறார்கள். அங்கேயும் இதே சட்டம், இதே கணக்கு. ஆகவே இதை வீட்டிலும் சொல்லுங்கள்.

நாம் செய்ய வேண்டியது மூன்று. வேலை தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் அன்றன்றே ஒரு சிறு நோட்டில் எழுதுங்கள். சம்பளச் சீட்டோடு அதை ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் தனியாகப் போய்ச் சண்டை போடாமல் சங்கக் கிளைக்குக் கொண்டுவாருங்கள். முதலில் நிர்வாகத்திடம் பேசுவோம்; தீராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுப்போம். "ஓவர்டைம் வேண்டாம் என்று நீயே கையெழுத்துப் போட்டாயே" என்று யாரேனும் தாளைக் காட்டினால் அஞ்ச வேண்டாம். சட்டம் தருவதைவிடக் குறைவாகத் தரும் எந்த நிபந்தனையும் செல்லாது.

கேட்டால்தான் கிடைக்கும், கணக்கு கையில் இருந்தால்தான் கேட்க முடியும். நாளைக் காலைப் பெரட்டுக்குப் போகும்போது ஒரு பென்சிலும் நோட்டும் எடுத்துச் செல்லுங்கள்.