லீலாவதியின் காசு



நானுஓயாவுக்குப் புகையிரதப் பாதை வந்தது 1885ஆம் ஆண்டிலாகும். அக்காலத்தில் இம்மலைநாட்டில் வழங்கிய செப்புச் சதங்களிலே ஒருபுறம் விக்டோரியா மகாராணியின் முகம் இருந்தது. நாணயத்திற் பெண்ணரசியைக் காண்பது ஆங்கிலேயர் கொணர்ந்த புதுமை என எண்ணத் தோன்றும். ஆனால், அதற்கு ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே பொலன்னறுவையில் ஓர் அரசி தன் பெயராற் காசு வெளியிட்டிருக்கிறாள்.

அவள் பெயர் லீலாவதி. மகா பராக்கிரமபாகுவின் தேவி. கணவன் மறைந்தபின், 1197 முதல் 1200 வரையும், 1209இலும், 1211இலும் மும்முறை அரியணை ஏறினாள். ஏற்றிவைத்தவர்கள் சேனாதிபதிகள். மூன்றாம் முறை, 1212இல், பராக்கிரம பாண்டியன் அவளிடமிருந்து ஆட்சியைக் கைப்பற்றினான்.

இத்தகைய நிலையற்ற ஆட்சியில் அவள் வெளியிட்ட செப்புக் காசைப் பாருங்கள். ஒருபுறம் நிற்கும் உருவம். மறுபுறம் அமர்ந்த உருவம். சோழப் பேரரசன் இராசராசன் காலத்துக் காசிலிருந்து வந்த அமைப்பு இது. பராக்கிரமபாகுவும் இதனையே கையாண்டான். லீலாவதி தன் முகத்தைப் பொறிக்கவில்லை. பழைய அச்சமைப்பை மாற்றவுமில்லை. மக்கள் கண்ணுக்குப் பழகிய காசன்றோ கடைவீதியில் தயக்கமின்றிக் கைமாறும்!

மாற்றம் எழுத்தில் இருக்கிறது. கணவனின் காசில் 'ஸ்ரீ பராக்கிரமபாகு' என்று மட்டுமே நாகரி எழுத்திற் காண்கிறோம். அவளுடைய காசிலோ 'ஸ்ரீ ராஜ லீலாவதி' என்றிருக்கிறது. ராணி என்றன்று, தேவி என்றன்று. 'ராஜ' என்றே பொறித்திருக்கிறாள். பராக்கிரமபாகுவுக்கு அச்சொல் வேண்டியதில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது. அரசன் ஒருவனின் விதவையாக அன்றி, அரசாள்பவளாகவே தன்னை அறியவேண்டும் என்று அக்காசு கூறுகிறது.

ஆயினும், காசிற் பெண்ணின் பெயர் இருப்பது வேறு, பெண்ணின் கையிற் காசு சேர்வது வேறு. மகாராணியின் முகம் பொறித்த சதங்களை எண்ணி வாங்கிய கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு, ஆணுக்குரிய நாட்சம்பளம் கிடைக்கவில்லை. தோட்டங்களில் இருபாலார்க்கும் சமசம்பளம் விதிக்கப்பட்டது 1984ஆம் ஆண்டிலேதான்.